தொகை இருக்கும் இடத்தில்

நகரியில் கல்யாணம் என்றால்
மொய் மேசைக்கு என்னைக் கூப்பிடுவார்கள்.
தபாலாபீஸ்காரி, எழுத்து குண்டு குண்டாக இருக்கும்.
நோட்டில் இடப்பக்கம் தெலுங்கு, வலப்பக்கம் தமிழ்,
நடுவில் தொகை. அது மட்டும் பொது.

திருத்தணிப் பக்கத்து ஆட்கள் ஒன்றில் முடிப்பார்கள்:
நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று.
புத்தூர்ப் பக்கம் பதினாறில்:
நூற்றுப் பதினாறு, ஐந்நூற்றுப் பதினாறு.
இரண்டு பக்கமும் சம்பந்தம் வைத்த ஒருவர்
நூற்றுப் பதினேழு எழுதச் சொன்னார் ஒருமுறை.
யார் மனசும் நோகக்கூடாதில்லையா.

நாம் எழுதி வைத்துக்கொள்வதை
அவர்கள் வாசிப்பார்கள்.
பெயரே சதிவிம்பு, படிக்க வைப்பது.
என் சீட்டை வாங்கி கோவர்த்தனம்
ஊர், பெயர், தொகை என்று
மைக்கில் மண்டபம் முழுக்க விடுவான்.
ஆயிரத்துக்குக் குரல் ஏறும்.
ஐம்பதுக்கு மைக் தானாகத் தள்ளிப்போகும்.
பழக்கதோஷம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

வேதாசலம் மகள் கல்யாணத்தில்
தாலி ஏறி, கூட்டம் வரிசை கட்டிய நேரம்
தறிக்கார சஞ்சீவி வந்தார்.
வலது கையில் புத்தூர்க் கட்டு,
மூங்கில் பத்தை, முட்டை வாடை,
முழங்கைவரை.
மூன்று வாரமாய் அவர் தறி ஓடாதது
சத்தம் இல்லாததாலேயே தெருவுக்குத் தெரியும்.

சட்டைப்பைக்கு இடது கை போயிற்று.
கவரை எடுத்தது, நீட்டவில்லை.
கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளில்
சொருகிப் பார்த்தார். நழுவி விழுந்தது.
குனிந்து எடுத்தார், அதே இடது கையால்.
"நகருங்கப்பா" என்றார் பின்னால் யாரோ.

பேனாவைக் கீழே வைத்தேன்.
நானும் இடது கையை நீட்டினேன்.
என்னைப் பார்த்தார்.
கொடுத்துவிட்டார்.

உள்ளே நூற்றுப் பதினாறு.
போன வருஷம் அவர் மகள் கல்யாணத்துக்கும்
மேசையில் நான்தான்.
வேதாசலம் வைத்தது ஐந்நூற்றுப் பதினாறு.
வாங்கியதற்குமேல் வைப்பதுதானே முறை.
எனக்கு ஞாபகம் இருக்கும் என்று
அவருக்கும் தெரியும்.
கட்டின் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நோட்டில் தொகையை எழுதினேன், அது கணக்கு.
சீட்டில் 'ஏகாம்பரகுப்பம் சஞ்சீவி' என்று எழுதி
தொகை இருக்கும் இடத்தில்
'ஆசீர்வாதம்' என்றேன்.
கோவர்த்தனம் சீட்டைத் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.
"எவ்வளவுக்கா?"
"எழுதினதைப் படி."
எந்த உயரத்தில் சொல்வதென்று தெரியாமல்
அர்ச்சனைக்குப் பேர் சொல்வதுபோல் சொன்னான்.

ஒருவருக்கு மட்டும் செய்தால்
அதுவே காட்டிக்கொடுப்பது.
பின்னால் வந்த நாற்பத்திரண்டு பேருக்கும்
ஆசீர்வாதம்தான்.

நரசிம்முலு நாயுடு வைத்தது
பத்தாயிரத்து நூற்றுப் பதினாறு.
ஸ்பீக்கர் பெட்டிக்குக் கீழேயே நின்று கேட்டிருந்துவிட்டு
நேரே மேசைக்கு வந்தார்.
"ஏமம்மா, என் ரூபாய்க்கு வாய் இல்லையா?"
"நேரமாகிறது, சுருக்கச் சொன்னார்கள், நாயுடுகாரு."
பொய்தான். அவரும் நம்பவில்லை.
மூன்று மாதம் தபாலாபீஸ் பக்கம் வராமல்
பாஸ்புக்கைப் பையனிடம் கொடுத்தனுப்பினார்.

கடைசிக்கு முந்தின பந்தி.
சஞ்சீவி உட்கார்ந்த இலைக்குப் பக்கத்தில்
எவர்சில்வர் ஸ்பூன் ஒன்று இருந்தது.
வேறெந்த இலைக்கும் இல்லை.
யார் வைத்தது என்று கேட்டேன்.
சாம்பார் வாளிக்காரனுக்கு நிற்க நேரமில்லை.
இடது கையால், வேட்டியில் கொஞ்சம் சிந்தி,
பாயசம் மட்டும் இரண்டாம் தடவை
கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.